பச்சைக் கதவுக்குப் போகிற பாதை

"வட்டத்துக்குள்ளை ஏழு எண்டு எரிஞ்சா ஏறுங்கோ. சாய்சதுரத்துக்குள்ளை எரிஞ்சா விட்டிடுங்கோ. அது சின்ன ஸ்ரேசனிலை நில்லாது. உங்களை எங்கையோ கொண்டுபோய் இறக்கிப்போடும்."

பேர்லினில், நொய்கெல்ன் தமிழ்க் கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று, அங்கே வேலை செய்கிற சோதிலிங்கம் அண்ணை நியூயோர்க்கை விரித்துக்கொண்டிருந்தார். ஆதிரையின் அம்மா புஷ்பராணி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

சனிக்கிழமை அம்மாவுக்கு விமானம். முதல் தரம் அமெரிக்கா, முதல் தரம் தனியாக. அங்கே இருக்கிற மாமாவுக்கு லீவு இல்லையாம். விமான நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்குத் தானே றெயில் பிடித்துப் போக வேண்டும். பல்கலைக்கழகச் சோதனை இருந்ததால் ஆதிரை கூடப் போக முடியாது. இங்கே ஊபான் என்கிற நிலக்கீழ் றெயிலில் திருத்த வேலை என்று றெயிலுக்குப் பதில் பஸ் விட்டாலே வழி தவறுகிற அம்மா.

அதனால்தான் இரண்டு கிழமையாகப் பின்னேரங்களில் இந்தப் பாடம். அங்கே ஸ்ரேசன் வாசலில் கார்ட்டை இழுத்தால்தான் உள்ளே விடுமாம். வெடுக்கென்றும் இழுக்கக் கூடாது, ஆறப்போட்டும் இழுக்கக் கூடாது. எல்லாப் பெட்டியும் நெருக்கியடிக்க ஒன்று மட்டும் காலியாக வந்தால் ஆசைப்பட்டு ஏறிவிடக் கூடாது, உள்ளே தாங்கேலாத நாற்றம் இருக்கும். படியிறங்கியதும் நடுவழியில் நிற்காமல், சுவரோரம் ஒதுங்கி நின்றுதான் ஊரைப் பார்க்க வேண்டும்.

அவர் மூட்டைகளுக்கிடையே நடந்தார். அம்மா பின்னாலேயே நடந்தாள். மீன் குளிர்பெட்டி உறுமியபோது தலைக்கு மேலே நியூயோர்க் றெயில் போனது. தண்டவாள இடுக்குகளால் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்து, அம்மாவின் தோளில் ஓடி மறைவதை ஆதிரையே ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

உடனே தலையை உதறிக்கொண்டாள். மயங்கினால் சரிவராது.

ஏனென்றால் அவளுக்கு இன்று காலை ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அண்ணைக்கு ஒரு தெர்மின், நாள் குறித்த சந்திப்பு. மொழிபெயர்க்கப் போனவள் அவள். பதினைந்து வருசமாகப் புதுப்பித்துப் புதுப்பித்தே வைத்திருக்கிற தற்காலிக வதிவிடத் தாள். பேர்லினைத் தாண்டக் கூடாதென்று அதிலேயே அச்சடித்திருந்தது. வந்த நாளிலிருந்து இந்த நாட்டை விட்டு எங்கேயாவது போனீரா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார் அண்ணை. அந்த இல்லையை ஜேர்மனில் சொன்னவளும் அவள்தான்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம் படிக்கிற ஆதிரைக்குத் தெரியாததல்ல. ஆனால் அம்மா தொலைந்துபோனால்? சோற்றுக்கு உப்புக் குறைந்தாலும் மூன்று நியாயம் சொல்லிவிட்டுத்தான் உப்பை எடுக்கிறவள் ஆதிரை. மனதுக்குள் வழக்கு நடத்தினாள். இரண்டு பக்கமும் அவளே வாதாடினாள், அவளே வென்றாள்.

"மூண்டாவது முடக்கிலை ஒரு பூக்கடை. மணம் முன்னுக்கே வந்திடும். அதுக்கங்காலை செங்கல் வீடு. மூண்டு படி, பச்சைக் கதவு. அதிலை ஏறி நிண்டு..."

"அண்ணை, நீங்கள் எந்த வருசம் நியூயோர்க்குக்குப் போனனீங்கள்?"

அவர் நின்றுவிட்டார். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நான் போகேல்லைப் பிள்ளை."

"அப்ப, நடந்து பார்த்த மாதிரிச் சொல்லுறது பொய்தானே? இவ அங்கை தொலைஞ்சா ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

 முன்பக்கத்தில் யாரோ மிளகாய்த்தூள் கேட்டார்கள். அதை எடுத்துக்கொடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

வீட்டுக்குப் போகிற ஊபானில் நான்கு ஸ்ரேசனுக்கு ஆதிரை வாதாடிக்கொண்டே வந்தாள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறவர்களால்தான் எங்கள் சனம் உருப்படாமல் போகிறது என்பது வரைக்கும் போய்விட்டாள். அம்மா யன்னலில் ஓடுகிற இருட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா போன கிழமையே லீவு எடுத்துப்போட்டார். காரோடை வந்து ஏத்துவார். ஒரு அடி நடக்க விடமாட்டார்."

"அப்ப மாமா வீட்டுப் பாதையை ஏன் பாடமாக்கினனீங்கள்?"

"அது மாமா வீட்டுப் பாதையில்லை. குணேஸ்வரி வீட்டுப் பாதை."

குணேஸ்வரி, சோதிலிங்கம் அண்ணையின் மனைவி என்றாள் அம்மா. பத்து வருசத்துக்கு முன், களவாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவவை நியூயோர்க்கில் கொண்டுபோய் இறக்கினான். இங்கே இவருடைய அகதி வழக்கும் முடியவில்லை, அங்கே அவவுடைய வழக்கும் முடியவில்லை. தாள் கிடைத்து வருகிற அன்றைக்கு மனுசன் வழி தெரியாமல் நிற்கக் கூடாதென்று, ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் அவவே அவரை ஸ்ரேசனிலிருந்து வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாவாம்.

"அவர் போகேல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஞாயிறிலை அவவின்ரை குரலாவது இருக்கு. மற்ற நாளெல்லாம் அந்த மனுசன் தனியத்தான் நடக்குது. ரெண்டு கிழமை நானும் கூட நடந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

 றெயில் நின்றது. அது அவர்கள் இறங்குகிற ஸ்ரேசன் அல்ல. ஆனால் அம்மா எழுந்துவிட்டாள்.

"இறங்கு. கடை பூட்டமுந்தித் திரும்பிப் போவம். நீ குழப்பினதிலை அந்த மனுசன் இன்னும் படியிலைதான் நிக்குது. கதவு திறக்கேல்லை."