அப்பா தூங்கட்டும்

லாரியின் முதுகில் ஏற்றிய எங்கள் மரவீட்டோடு தார்ரோட்டை விட்டு இறங்கி மலைத்தடத்தில் போய்க்கொண்டிருந்தோம். என் கணவர் எபினேசர் ஓட்ட, வழி காட்ட நான் முன்னால் நடந்தேன். இடப்பக்கச் சக்கரத்தடியில் மண் சரிந்ததும் கையைத் தூக்கினேன். பிரேக் போட்டார். வீடு பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. வலப்பக்கப் பின்சக்கரம் தரையில் படவில்லை.

உள்ளே, மலைப்பக்கச் சுவரோரக் கட்டிலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல கனத்த உடம்பு. வண்டி கவிழாமல் நின்றதே அந்த எடையால்தான். கதவோ பள்ளத்துப் பக்கம் இருந்தது.

"மாமாவை அசையாம இருக்கச் சொல்லு," என்றார் எபினேசர், லாரி ஜன்னல் வழியாக.

"காது மெஷினைக் கழட்டிட்டுத்தானே படுப்பாரு."

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அப்பா. இன்ஜின் ஓடும்வரை குழந்தை மாதிரி தூங்குவார். அந்த அதிர்வு நின்றால் உடம்புக்குத் தெரிந்துவிடும். எழுந்து நேரே கதவுக்கு வருவார். அதனால் இன்ஜினை அணைக்கவில்லை. ஆனால் அது உதற உதற, சக்கரத்தடியில் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. தூக்கிய கையை இறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஆஃப் பண்ணவா?"

நான் சக்கரத்தடியைப் பார்த்தேன். ஒரு கல் உருண்டு போனது. அது விழுந்த சத்தம் வரவேயில்லை. எபினேசர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

மண் உதிர்வது நின்றது. மலையே அமைதியானது. அந்த அமைதியில், அப்பா காலால் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.