வெறும் ஆவி

"போலீஸுக்குப் போன் போட்டது நீதானே ஆனந்து?"

ஜாமீனில் வெளியே வந்த தர்மராஜ் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான்.

கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருக்கும் சகாய ஆனந்த் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டைப் பட்டனைப் போட்டபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"கேக்குறேன்ல? நீதானே?"

ஆனந்த் ஒரு தடவை தர்மராஜின் வீட்டு வாசலைப் பார்த்தான். பிறகு, "ஆமா, நான்தான்" என்றான்.

பளாரென்று ஓர் அறை.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"பாத்துக்குங்க எல்லாரும்! இவன் வூடு கட்டுறப்ப கூடவே நின்னவன் நான். என் கடைக்கே போலீஸைக் கூட்டியாந்து சீல் வைக்க வச்சுட்டான்!"

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தர்மராஜுக்கு செல்போன் கடை. கவர், சார்ஜர், இயர்போன் வியாபாரம். போன வருஷத்திலிருந்து கவுண்ட்டருக்கு அடியில் 'வேப்' என்கிற மின் சிகரெட்டும் வைத்திருந்தான். சென்னையிலிருந்து பார்சலில் வரும். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். இழுத்தால் மாம்பழம், புதினா என்று மணக்கும். அதை விற்பதற்கு நாடு முழுக்கத் தடை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. வாங்க வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதும்தான்.

"என்ன இருந்தாலும் நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ஆனந்து" என்றார் எதிர்வீட்டு இராமலிங்கம். "அவன் பொம்பளப் புள்ளைய வச்சிருக்கிறவன். ஸ்டேஷன், கோர்ட்டுன்னு இழுத்து விட்டுட்டியே?"

"பக்கத்து வூட்டுக்காரன் பண்ற வேலையா இது?" என்றது இன்னொரு குரல்.

ஆனந்த் மீதிப் பட்டன்களைப் போட்டு முடித்தான். கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை.

உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. விடாத இருமல். தர்மராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

ஆனந்தின் மகன் ஜெரின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பிளஸ் ஒன் படிக்கிறவன். மாவட்ட அளவில் ஓடிக் கோப்பை வாங்கியவன். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கையில், மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி. மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும்.

"இன்னும் ஒரு தடவ இழுப்பா" என்றாள் அம்மா லீலா மேரி.

ஜெரின் குழாயை வாயில் வைத்து இழுத்தான். ஒரு பந்து மட்டும் பாதி ஏறி விழுந்தது.

"முடியலம்மா."

தர்மராஜ் சத்தமில்லாமல் வெளியே வந்தான். புதினா வாசனை கேட்டு அந்தப் பையன் கடைக்கு வந்து நின்றது ஞாபகம் வந்தது. தானேதான் எடுத்துக் கொடுத்தான்.

வீட்டில் மனைவி பரிமளா சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அந்தப் பையனுக்கு டாக்டர் என்ன சொன்னாராம்?"

"அந்த வேப்புக்குள்ளயும் நிக்கோட்டின்தான் இருக்காம்ங்க. பழகிட்டா விட முடியாதாம். நுரையீரல் வீங்கிப்போயிருச்சாம். பொழைச்சதே பெருசு, இனிமே பழையபடி ஓடுறது சந்தேகந்தான்னு சொல்லிட்டாங்களாம்."

தர்மராஜ் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"இவ்வளவு ஆகும்னு எனக்கு என்னடி தெரியும்? ஆனந்து நேர்ல வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அன்னைக்கே அத்தனையையும் குப்பையில கொட்டியிருப்பேன்."

"கொட்டியிருக்க மாட்டீங்கப்பா."

மகள் வெற்றிச்செல்வி அறை வாசலில் நின்றாள். ஜெரினின் வகுப்பில் படிக்கிறவள்.

"என்னம்மா சொல்ற?"

"நான்தான் நேர்ல சொன்னேனேப்பா. எங்க கிளாஸ் பசங்க பாத்ரூம்ல இழுக்குறாங்க, நம்ம கடையிலதான் வாங்குறாங்க, வேணாம்ப்பான்னு எத்தனை தடவ கெஞ்சினேன்? 'அது வெறும் ஆவி, நான் விக்கலைன்னா இன்னொருத்தன் விக்கப் போறான்'னு சிரிச்சீங்க."

சிரித்தது உண்மைதான். தர்மராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் அப்பவே பண்ணியிருந்தா ஜெரினுக்கு இப்படி ஆயிருக்காது. நீங்களே நிறுத்திருவீங்க, நிறுத்திருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"என்ன பண்ணியிருந்தா?"

"போன்."

"எந்தப் போன்?"

"போலீஸ் மேடம் ஒருத்தங்க ஸ்கூலுக்கு வந்து பேசினாங்க. எங்க விக்கிறாங்கன்னு தெரிஞ்சா சொல்லச் சொல்லி நம்பர் குடுத்தாங்க. ஜெரினைத் திருச்சிக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்குத்தான் எனக்கு தைரியம் வந்துச்சு."

பரிமளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தர்மராஜ் எழுந்து நின்றான். "அப்ப... ஆனந்து எதுக்கு நான்தான்னு சொன்னான்? அத்தனை பேரு முன்னாடி அடிச்சேனே, அப்பக்கூட வாயத் தொறக்கலையே!"

வெற்றிச்செல்வி அழுதுகொண்டே சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில ஆனந்த் மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதேன்பா. அவருதான் கண்ணைத் தொடச்சுவிட்டு, 'ஒங்கப்பா கேட்டா நான்தான்னு சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத. அவன் என்னை வெறுத்தாப் பரவால்ல, பெத்த மகளை வெறுத்துரக் கூடாது'ன்னாரு."