இரண்டாவது இலக்கு

சுகாதாரப் பயிற்சி மாணவி இரஞ்சிதத்துக்கு முள்ளிவாய்க்காலில் இரண்டு இலக்குகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். ஊர் அவளை நம்ப வேண்டும்.

“நம்பிக்கையை எப்பிடி மிஸ் அளக்கிறது?” என்று இலக்கு கிடைத்த அன்றே கேட்டாள்.

“அதை நான் அளக்கிறன்,” என்றார் மேற்பார்வையாளர் நாகேஸ்வரி.

இன்று சோதனை. முதல் வீட்டு அடுப்பில் தண்ணீர் காய்ச்சும் கேத்தில் கொதித்தது. அடுத்த வீட்டிலும் கொதித்தது. அதற்கடுத்த வீட்டில் நாகேஸ்வரி குனிந்து பார்த்தார். முதல் வீட்டுக் கேத்திலில் இருந்த அதே நெளிவு. கைபிடியில் அதே வலைநூல்.

கடைசி வீட்டுப் புனிதமலருக்கு மூச்சு வாங்கியது. கொண்டையில் வேலியின் கிடுகு ஓலைத் துண்டு.

“ஏன் பிள்ளை இளைக்குது?”

“ஒண்டுமில்லையம்மா. தண்ணி கொதிக்க வைச்சனான்.”

வெளியே வந்ததும் நாகேஸ்வரி கேட்டார்: “ஒரே கேத்தில்தானே வேலிக்கு மேலால எல்லா வீட்டுக்கும் போகுது?”

இரஞ்சிதம் அழுதுவிட்டாள். “சத்தியமா நான் சொல்லிக் குடுக்கேல்லை மிஸ்!”

“தெரியும். தண்ணி விசயத்தில நீர் பெயில்.”

நாகேஸ்வரி குடையை விரித்தார்.

“மற்றதில பாஸ். நான் இங்க பயிற்சிக்கு வரேக்க ஒருத்தரும் வாசல் படலைகூடத் திறக்கேல்லை. உமக்காகச் சனம் சுடுகேத்திலோட வேலி பாயினம்.”