அண்ணையின்ர அலர்ஜி

"கருவாடு வேண்டாம் மெற்றில்டா. எனக்கு அலர்ஜி."

கிறிஸ்துநாயகம் அண்ணை தட்டைக் கையால மூடினார். எனக்கு வந்ததே கோபம்!

மன்னாரில இருந்து வந்த கட்டாக் கருவாடு. பூசை முடிஞ்ச கையோட ஓடிவந்து, அவருக்கும் பெண்சாதி கிளறிற்றாவுக்கும் எண்டே பொரிச்சனான். லண்டன் மோர்டன் முழுக்க மணக்குது.

"மன்னாரில பிறந்த ஆளுக்குக் கருவாடு அலர்ஜியோ? ஆரிட்ட அண்ணை கதை விடுறியள்?"

என்ர மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

"உண்மையாத்தான் தங்கச்சி. இப்ப வீட்டுக்கே கொண்டாறேல்லை."

"சரி, நீங்கள் சாப்பிட வேண்டாம். கிளறிற்றா, நீ தட்டை நீட்டு."

அவள் புருசனைப் பார்த்தாள். "வேண்டாம் அக்கா. இவர் சாப்பிடாமல் நான் மட்டும் என்னெண்டு..."

கருவாடெண்டால் உயிரை விடுறவள்! வெறும் பருப்போட சோத்தைப் பிசையிறாள். தனக்கு ஏலாதெண்டால் பெண்சாதியின்ர வாயையும் கட்டவேணுமோ? பெரிய இராசா!

கை கழுவ வந்தவளைக் குசினிக்குள்ள மறிச்சு ஒரு துண்டைக் கையில வைச்சன்.

"கெதியாச் சாப்பிடு. அவருக்குத் தெரியாது."

அவள் துண்டைத் திருப்பி வைச்சாள். கண் கலங்கிப்போச்சு.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா. அலர்ஜி அவருக்கில்லை."

"பின்னை?"

"எங்கட அப்பாவும் சித்தப்பாவும் வயித்துக் கான்சரில போனவையெல்லே. அதால ஆஸ்பத்திரியில என்ர ஜீனைச் சோதிச்சவை. வயித்தில அழற்சியைக் கூட்டுற ஜீனாம் எனக்கு."

"ஐயோ மாதாவே!"

"அது இருந்தாக் கான்சர் வந்தே தீரும் எண்டில்லையாம். வயித்துக் கிருமியும் உப்பும் சேந்தால் ஆபத்துக் கூடுமாம். கிருமிக்கு மருந்து குடிச்சு முடிச்சிட்டன். இனிக் கருவாட்டை விடவேணும்."

"அதை நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் சனம் என்னைப் பிரேதத்தைப் பாக்கிற மாதிரிப் பாக்கும். அந்தப் பயத்தில பூசைக்கே வராமல் கிடந்தனான்."

"அப்ப அலர்ஜி எங்கால வந்தது?"

கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சாள்.

"ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னதை டெலிபோனில தமிழ்ப்படுத்தின பிள்ளை 'அழற்சி' எண்டவ. எனக்கு 'அலர்ஜி' எண்டு கேட்டுது. அப்பாடா, அலர்ஜிதானே எண்டு நிம்மதியா வெளியில வந்தன். இவர்தான் ஆறுதலா விளங்கப்படுத்தினவர். நான் பஸ் ஸ்டொப்பிலயே குளறி அழத் துவங்கிட்டன். அப்ப இவர் கையைப் பிடிச்சுக்கொண்டு, 'உமக்குக் கேட்ட சொல்லே நல்லாயிருக்கு. சனத்துக்கு அதையே சொல்லுவம். ஆனால் அலர்ஜி எனக்கு' எண்டார்."

கருவாட்டுச் சட்டியை மூடிப்போட்டு, பருப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனன்.

என்ர மனிசன் இன்னும் விடேல்லை. "மன்னாரானுக்குக் கருவாடு அலர்ஜியாம்!"

"சும்மா இருங்கோப்பா!" எண்டு கத்தினன். "உங்களுக்கு வருமோ அப்பிடியொரு அலர்ஜி?"