கையால் பிடிப்பவள்

வலையோ படகோ காட்டினால்தான் இனி மீன்பிடி உரிமம். உரிமம் இல்லாதவர்கள் அடுத்த மாதம் முதல் உப்பங்கழியில் இறங்கக் கூடாது. இருளர் தெருப் பெண்களோடு வரிசையில் நின்ற பூங்காவனம், கழிக்கரையில் போட்டிருந்த மேசைக்கு முன் வந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"நாங்க கையாலதாங்க இறால் புடிப்போம்."

"கையாலயா? கதை விடாத. தள்ளு," என்றார் அதிகாரி.

பின்னால் நின்ற நாத்தனார் அஞ்சலை, "எறங்கிக் காட்டு அண்ணி. சாரு இறாலக் கொழம்புலதான் பாத்திருப்பாரு," என்றாள்.

பூங்காவனத்துக்குக் கோபம் வரவில்லை. விரல்கள்தான் குறுகுறுத்தன. இடுப்பிலிருந்த ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, விசேஷத்துக்கு மட்டும் கட்டும் புடவையோடு கழியில் இறங்கி, கழுத்துவரை நீர் வர அமர்ந்தாள். அடிச்சேற்றில் அவள் கைகள் தமக்குத் தெரிந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்தன. கூடைக்குள் ஒன்று துள்ளியது. பிறகு நான்கு. பிறகு கூடையே துள்ளியது.

அதிகாரி படிவத்தை எடுத்துக்கொண்டு நீரோரத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க பேரச் சொல்லுங்கம்மா."

கயிற்றை விட்டால்தான் பேச முடியும். கூடையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் நிற்கட்டும் என்று பூங்காவனம் மறுபடி சேற்றுக்குள் கையை விட்டாள்.