குருவியின் வயிற்றில்

"இது கையால தச்சதே இல்ல. கடையில வாங்கினது" என்றாள் தலைவி. துணி நட்சத்திரத்தை, செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அடுக்குமாடி மாதர் சங்கத்தின் விடுமுறை விற்பனை. கூடத்தில் மேசைக்கு மேசை துணிப்பூ, துணி இதயம், கதவில் தொங்கவிடும் சரம், சுருக்குப்பை. சங்கத்துக்கு ஒரே விதிதான்: வீட்டில் தன் கையால் தைத்ததை மட்டுமே விற்கலாம்.

செயலாளர் குனிந்து பார்த்தாள். நட்சத்திரத்தின் தையல் எறும்பு வரிசைபோல் சீராக ஓடியது. தான் தைத்த இதயம் ஞாபகம் வந்தது. காலையில் அதைப் பார்த்த கணவர், "உருளைக்கிழங்கு அச்சு அசலா இருக்கே" என்று பாராட்டியிருந்தார்.

"நானேதான் தச்சேன் அக்கா" என்றாள் மொட்டைமாடி அறைக்குப் புதிதாகக் குடிவந்தவள். இன்றுதான் முதல் தடவையாக மேசை கேட்டு வாங்கியிருந்தாள்.

"மாடியில பொழுதன்னைக்கும் யாரோ பீப்பீன்னு ஊதறாங்களே, அந்த வீடுதானே நீ?"

"ஆமாக்கா. எங்க வீட்டுக்காரர்தான், பழகறார்."

"அந்தச் சத்தத்துல ஊசியில நூலே கோக்க முடியாதே. நட்சத்திரம் எப்படி தச்சே?"

நாலு பேர் சிரித்தார்கள். தலைவி சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது சங்கத்தின் எழுதாத விதி.

பேச்சை மாற்ற நினைத்தாள் செயலாளர். "பூனை, குருவி எதுவும் தைக்கலையாம்மா?"

"குருவி தச்சேன். எல்லாம் வித்துப்போச்சு."

சொல்லும்போது அவள் பார்வை தலைவியின் மேசைக்குப் போனது. அங்கே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது, துணிக் குருவிகள். பார்த்தாள், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பாவம், பொறாமை போலிருக்கு என்று நினைத்தாள் செயலாளர். வருஷா வருஷம் முதல் பரிசு தலைவிக்குத்தான். இந்த வருஷமும் குருவிகள் வாயைத் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"வெட்டிப் பாத்துடுவோம்" என்றாள் தலைவி. "கடைச்சரக்குன்னா உள்ளே வெள்ளைப் பஞ்சு இருக்கும். வீட்டுல தச்சதுன்னா பழைய துணிதான் அடைச்சிருக்கும். கத்தரிக்கோலை எடு."

"பாவம்க்கா, ஆசையா தச்ச பொருள்…"

"அப்படின்னா மொதல்ல என் குருவியையே வெட்டு. நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

என்ன பெருந்தன்மை! கூடமே கைதட்டியது.

செயலாளர் கண்ணை மூடாத குறையாகக் குருவியின் வயிற்றில் கத்தரியை ஓட்டினாள். உள்ளேயிருந்து தடிமனான சிவப்புத் துணுக்குகள் வந்தன. நடுநடுவே தங்க நிறச் சரிகை.

"எங்க வீட்டுப் பழைய திரைச்சீலை" என்றாள் தலைவி, கண் இமைக்காமல். "சரிகை வச்சது. தூக்கிப்போட மனசு வரல."

மறுபடி கைதட்டல்.

அடுத்தது நட்சத்திரம். ஒரு முனையை வெட்டிக் குலுக்கினாள்.

தடிமனான சிவப்புத் துணுக்குகள். நடுநடுவே தங்க நிறச் சரிகை.

மேசைமேல் இரண்டு சின்னக் குவியல்கள். கலந்துவிட்டால் பெற்றவளாலும் பிரிக்க முடியாது.

முதலில் சுதாரித்தவள் தலைவிதான்.

"அடிப்பாவி! என் திரைச்சீலை! குப்பையில போட்டதைக் கிளறி எடுத்திருக்கா பாருங்க!"

தூக்கிப்போட மனசு வராத திரைச்சீலை குப்பைக்கு எப்போது போனது? செயலாளருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்காமல் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"அதானே பாத்தேன்" என்றாள், சற்று முன் அந்த நட்சத்திரத்தைத் தனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னவள்.

"மேசையைக் காலி பண்ணும்மா. திருட்டுத் துணிக்கு இங்கே இடமில்ல" என்றாள் தலைவி.

மாடி வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். தலைவியின் கழுத்தோரம் வேர்வை இறங்குவதைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"அக்கா வீட்டுத் திரைச்சீலையாவே இருக்கட்டும்" என்று நட்சத்திரங்களைப் பைக்குள் போட ஆரம்பித்தாள். பிறகு கை நின்றது. "அந்தக் குருவியைக் குடுங்க. வயித்தைக் கிழிச்சு அப்படியே விட்டா பாக்க நல்லா இல்ல."

யாரும் தடுக்கும் முன்னே துணுக்குகளை உள்ளே திணித்து, ஊசியை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

செயலாளர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குருவியின் பழைய தையல் எங்கே முடிகிறது, இவள் போட்ட தையல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வயிறு முழுக்க ஒரே எறும்பு வரிசை. அவள் மெல்லத் தலைவியைப் பார்த்தாள். தலைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மூட்டை கட்டியாச்சா? குடு, மாடியில வச்சுட்டுப் போறேன். பேண்டு கோஷ்டி கீழே காத்துக்கிட்டிருக்கு!" என்று வாசலில் ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

தலைவி வீட்டுத் திரைச்சீலை, தோளில் தங்கச் சரிகையும் மார்பில் பித்தளைப் பொத்தானுமாக, கக்கத்தில் ஊதுகுழலை இடுக்கிக்கொண்டு, மீசையோடு வந்து நின்றது.