மணமகள் அறையில் நின்றவள்

"ஏனுங்க, இதைப் பாருங்க! நம்ம மண்டபத்துல தலையில்லாம ஒரு பொம்பளை நிக்குது!"

பங்காரம்மா போனை நீட்டினாள். வரதராஜுலு மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

சிங்காநல்லூரில் அவர்கள் நடத்தும் கல்யாண மண்டபத்தை இப்போது போனிலேயே சுற்றிப் பார்க்கலாம். விர்ச்சுவல் டூர். வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்தபடியே பார்த்து முடிவு செய்யட்டும் என்று போன வாரம்தான் போட்டார்கள். வாசல், மேடை, பந்தி ஹால் எல்லாம் பளபளவென்று இருந்தன. மணமகள் அறைக்குள் போய்த் திருப்பினால், நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். பாதம் இருந்தது. சேலை இருந்தது. தோள் வரைக்கும் ஆள் இருந்தது. அதற்கு மேல் வெறும் சுவர்.

"யாரு அனுப்பிச்சா?"

"ஈரோட்டுச் சம்பந்தியம்மா. அங்க எல்லாரும் பாத்துட்டாங்களாம்."

அடுத்த மாதம் அந்த அறையில்தான் மகள் பிரத்யுஷா மணப்பெண்ணாக உட்கார வேண்டும்.

சொல்லி வைத்தாற்போல் சம்பந்தி ரங்கராஜின் போன் வந்தது.

"தப்பா நெனைக்காதீங்க. எங்கூட்டுல அழுதுட்டே இருக்கறாங்க. இது என்ன ஏதுன்னு தெரியற வரைக்கும் மேக்கொண்டு பேச வேண்டாமுங்க."

வைத்துவிட்டார். படம் எடுத்த யஷ்வந்துக்கு வரதராஜுலு திரும்பத் திரும்பப் போன் போட்டார். தொடர்பு கிடைக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பங்காரம்மா, போனைக் கீழே போட்டாள்.

"ஐயோ, இது அத்தையோட சேலைங்க! அரக்குக் கலர், மாங்காக் கரை!"

"அம்மா போய்ச் சேந்து எத்தனை வருசமாச்சு?"

"பூவும் பொட்டுமாப் போன மகராசி. கல்யாணம் வெச்சா மொதல்ல அவங்களுக்குச் சேலை வெச்சுக் கும்பிட்டுத்தான பத்திரிகை அடிக்கோணும்? நீங்கதான் அப்பறம் பாத்துக்கலாம்னீங்க. கோவிச்சுட்டு வந்து நிக்கறாங்க!"

பேய், பிசாசு என்றால் சிரிக்கிற மனுஷன் வரதராஜுலு. அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மணமகள் அறையிலேயே பூஜை. மண்டபம் கூட்டுகிற மாசாணம் அறையைக் கழுவித் துடைத்துவிட்டாள்.

"ஆச்சா? வெளிய போய் நில்லு. சாமி காரியம்," என்றாள் பங்காரம்மா.

மாசாணம் சட்டென்று வாசலுக்கு வெளியே போய்விட்டாள். தலையில்லாத பொம்பளை கதை அவள் காதிலும் விழுந்திருந்தது.

தலைவாழை இலையில் வடை, பாயசம், பலகாரம். தட்டில் புதுப் பட்டுச்சேலை. பங்காரம்மா தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். படத்தில் தெரிந்த அந்தப் பாதங்களுக்கு நேராக மூவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். பிரத்யுஷாவுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது.

"தாயே, தப்பு எங்களோடது. புள்ளையை ஒண்ணும் பண்ணிப்போடாதே!"

அப்போது வரதராஜுலுவின் போன் அடித்தது. யஷ்வந்த். ஸ்பீக்கரில் போட்டார்.

"சாரி சார், ஊட்டில ஷூட்டிங். இப்பத்தான் சிக்னல் கெடைச்சுது."

"ஏப்பா, மணமகள் ரூம்ல நிக்கறது என்னப்பா? சம்பந்தமே முறியற மாதிரி இருக்குது!"

படத்தைத் திறந்து பார்த்தான் போலிருக்கிறது.

"அடடா, எம்மேலதான் தப்புங்க சார். கேமராவைக் கீழ சாய்ச்சு ஒரு சுத்து, நிமித்தி ஒரு சுத்து எடுத்து ஒட்டுவோம். கீழ்ச்சுத்து எடுக்கறப்ப அந்தக்கா நின்னுட்டிருந்தாங்க. மேல்சுத்துக்குள்ள நீங்க சத்தம் போட்டீங்களே சார், 'ஏய், நீயெல்லாம் படத்துல விழுந்தா எவன் மண்டபம் புடிப்பான், ஓடு'ன்னு? ஓடிட்டாங்க. கவனிக்காம ஒட்டிப்போட்டேன். இப்பவே எடுத்தர்றேன்."

"எந்தக்கா?"

"உங்க மண்டபம் கூட்டறவங்க சார்."

வரதராஜுலுவுக்கு நினைவே இல்லை. தினமும் கத்துகிறவருக்கு எந்தக் கத்தல் என்று நினைவிருக்கும்?

மூவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மாசாணம் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இவர்களைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சேலை..." என்று இழுத்தாள் பங்காரம்மா.

"பெரியம்மா காரியம் முடிஞ்சு நீங்க குடுத்ததுதானுங்க அம்மணி. நல்ல நாளுக்கு மட்டுந்தான் கட்டுவேன்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேலையை விட்டு நிறுத்திப்போடாதீங்க. மண்டபத்தைப் படம் புடிக்கறாங்கன்னு சொன்னாங்க... அதுல நானும் இருப்பேன்னு நெனச்சுட்டேனுங்க."